வாசகர் கேள்வி பதில்: நடுவுல டிராயிங்கை மாத்துனா யுத்தம் என்னாகும்?

ரெண்டாம் உலக யுத்தத்துல அவ்ளோ டாங்க்கு, அவ்ளோ விமானம் எப்படி செஞ்சு தள்ளுனாங்கன்னு போன இதழ்ல ஒரு நாலு வரி எழுதியிருந்தேன். அதுக்கு வந்த லெட்டரு, வாட்ஸ்அப் மெசேஜ் எல்லாம் எடுத்து பாத்தா பாதிக்கு மேல பெரம்பூர், வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, திருவொத்தியூர் பக்கத்துல இருந்து வந்திருக்கு. மில்லு சங்கு கேட்டு எழுந்து, பட்டறை ஷிஃப்ட்டு முடிஞ்சு வர்ற அப்பாவுக்காக வாசல்ல காத்திருந்து வளர்ந்த ஏரியா நம்மளது, எங்கப்பாவும் லேத்துல டர்னரா இருந்தவருதான். அதனால இந்த வாரம் முழுக்க இந்த ஒரே விஷயம்.

கேள்வி: ஜெர்மன்காரன் மாஸ்கோ வாசல் வரைக்கும் வந்துட்டான், ஃபாக்டரி இருந்த ஊரெல்லாம் கைவிட்டு போச்சு. அப்புறம் ரஷ்யாக்காரன் எங்க வெச்சு டாங்க்கு செஞ்சான்? ஃபாக்டரியையே ரயில்ல ஏத்திக்கினு போனாங்கன்னு சொல்றாங்களே, நிஜமா? (ரயில்வேல ரிடயர்ட் ஆனவர், பெரம்பூர்)

பதில்: நிஜம்தாங்கய்யா, நீங்க ரயில்வேல இருந்தவரு, இந்த வேலையோட கனம் உங்களுக்குதான் சரியா தெரியும். 1941 ஜூன் 22 அன்னிக்கு ஜெர்மனி உள்ள பூந்துச்சு, ரெண்டே நாள்ல, ஜூன் 24ம் தேதி, ஃபாக்டரிகளை கிழக்கால கொண்டு போறதுக்குன்னே மாஸ்கோல ஒரு கவுன்சில் போட்டுட்டாங்க. சீக்கிரமே ஷ்வெர்னிக்ங்கிறவர் அதுக்கு தலைமைக்கு வந்தாரு, கூட நின்னு வேலை பாத்தவங்கள்ல ஒருத்தர் கொசிகின், பின்னாடி பிரதமராகி 1966ல தாஷ்கண்ட்ல நம்ம சாஸ்திரியையும் பாகிஸ்தான் அயூப்கானையும் உக்கார வெச்சு பேசுனாரே அதே கொசிகின்தான். ஜூலைல இருந்து நவம்பருக்குள்ள 1,523 ஃபாக்டரிய பிரிச்சு ஏத்தி யூரல் மலை பக்கமும் சைபீரியா பக்கமும் கொண்டு போனாங்க, மொத்தம் சுமார் 15 லட்சம் வேகன் லோடு. அதே தண்டவாளத்துல எதிர்ப்பக்கம் பட்டாளம் போய்க்கிட்டே இருக்கணும், மேல விமானம் குண்டு போடுது, எந்த வேகனை எந்த லூப் லைன்ல நிறுத்துறது எதை முன்னாடி விடுறதுன்னு கன்ட்ரோல் ரூம்ல உக்காந்தவன் எத்தனை ராத்திரி தூங்கியிருப்பான்னு நெனச்சாலே எனக்கு மனசு என்னமோ பண்ணும்.

இதுல உக்ரைன் பக்கம் கார்கிவ்ங்கிற ஊர்ல இருந்த ரயில் எஞ்சின் ஃபாக்டரி கதை உங்களுக்கு பிடிக்கும். பேருக்கு எஞ்சின் ஃபாக்டரி, உள்ள டி-34 டாங்க்கும் செஞ்சுக்கிட்டு இருந்தாங்க. அதை மொத்தமா பிரிச்சு நிஸ்னி தாகில்ங்கிற ஊருக்கு கொண்டு போனாங்க, அங்க ஏற்கனவே இருந்தது ரயில் வேகன் செய்யிற ஃபாக்டரி. ரயில் பெட்டி செய்யிற நம்ம ஐசிஎஃப் ஷெட்டுக்குள்ள திடீர்னு வேற ஊரு லோகோ ஒர்க்ஸ் மொத்தமும் மெஷினோட, தொழிலாளியோட, குடும்பத்தோட வந்து எறங்குனா எப்படி இருக்கும், அப்படி. அக்டோபர்ல கடைசி ரயில் கிளம்புது, டிசம்பர் முடியறதுக்குள்ள அங்க முதல் 25 டாங்க்கு வெளிய வந்துருச்சு. சில ஊர்ல கூரை போடுறதுக்கு முன்னாடியே மெஷினை எறக்கி பனிக்குள்ள வேலை ஆரம்பிச்சாங்க.

ஆனா எடம் மாத்துனது பாதி கதைதான், எனக்கு அதைவிட பெருசா தெரியறது அவங்க எதை செய்யல அப்படிங்கிறது. டி-34எம்னு இன்னும் நல்ல டிசைன் ஒண்ணு 1941ல தயாராகிட்டு இருந்துச்சு, யுத்தம் வந்ததும் அதை மூட்டை கட்டி வெச்சுட்டு, இருக்கிற டி-34ஐயே செய்யி, பார்ட்டை குறை, வேலையை சுலபமாக்குன்னு இறங்கிட்டாங்க. பாட்டன்னு ஒரு இன்ஜினியர், ஆட்டோமேட்டிக் வெல்டிங் கொண்டு வந்தாரு, பத்து வருஷம் கை பழகுன வெல்டர் செய்யிற வேலையை நேத்து சேர்ந்த பையனும் பொண்ணும் செய்ய முடிஞ்சுது. ரெண்டு வருஷத்துல ஒரு டாங்க்குக்கு ஆகுற செலவு ஏறக்குறைய பாதியாச்சு. 1942ல சோவியத் உருக்குன எஃகு சுமார் 80 லட்சம் டன், ஜெர்மனியோடது 2 கோடியே 80 லட்சம் டன்னுக்கு மேல. ஆனா அந்த வருஷம் சோவியத்ல வந்த டாங்க்கு, அதே மாதிரி பீரங்கி வண்டி எல்லாம் சேர்த்து 24,000 சொச்சம், ஜெர்மனி அதுல கால்வாசிதான். ஜெர்மனி எஃகு நீர்மூழ்கிக்கும் விமான எதிர்ப்பு பீரங்கிக்கும் போச்சு அது வாஸ்தவம், சோவியத்துக்கு ரயில் எஞ்சினும் லாரியும் அமெரிக்கா கொடுத்துச்சு அதுவும் வாஸ்தவம் (சுமார் 2,000 எஞ்சின், 4 லட்சம் லாரி வண்டி), அதனாலதான் எஞ்சின் செய்யிறதை ஏறக்குறைய நிறுத்திட்டு டாங்க்குல கை வைக்க முடிஞ்சுது. அப்படி ஒண்ணை நிறுத்துறதுக்கும் மேல இருக்கிறவன் தைரியமா கையெழுத்து போடணும்ல.

ஒண்ணு சொல்லிடறேன், இதை வெச்சு ஸ்டாலினை தூக்கி பேச எனக்கு மனசு வராது. யுத்தம் வருதுன்னு எத்தனையோ பேர் சொல்லியும் அவரு கேக்கல, அதுக்கு முன்னாடி 1937, 38ல நல்ல நல்ல இன்ஜினியரை எல்லாம் பிடிச்சு உள்ள போட்டாரு, விமான டிசைனர் துப்போலேவ் கைதியா இருந்துக்கிட்டே டிராயிங் போட்டாரு. 1941 டிசம்பர்ல வந்த சட்டப்படி யுத்த ஃபாக்டரி வேலையை விட்டு சொல்லாம போனா பட்டாளத்தை விட்டு ஓடுன மாதிரி, 5ல இருந்து 8 வருஷம் ஜெயில். அந்த 25 டாங்க்கு அப்படிப்பட்ட கையாலதான் வந்துச்சு.

கேள்வி: ஜெட் விமானத்தை பாமரா (குண்டு போடுற விமானமா) மாத்துன்னு ஹிட்லர் சொன்னதாலதான் ஜெர்மனி தோத்துச்சுன்னு ஒரு வீடியோல பாத்தேன். ஒரு ஆளு சொன்ன ஒரு வார்த்தைல அவ்ளோ பெரிய நாடு கவுருமா? (லேத் பட்டறை வெச்சிருப்பவர், வியாசர்பாடி)

பதில்: அந்த ஒரு வார்த்தைல கவுரல அண்ணே. மெஸ்ஸர்ஷ்மிட் 262 சண்டை விமானம், இதுல குண்டு ஏத்த முடியுமான்னு 1943 நவம்பர்ல ஹிட்லர் கேட்டாரு, 1944 மே மாசம் யாரும் அதை செய்யலன்னு தெரிஞ்சதும் கோவப்பட்டு பாமராத்தான் வரணும்னு உத்தரவு போட்டாரு, இது நடந்தது. ஆனா அந்த விமானம் லேட் ஆனதுக்கு நிஜ காரணம் எஞ்சின். சூடு தாங்க நிக்கலும் குரோமியமும் வேணும், அது அவங்ககிட்ட பத்தல, மட்டமான மெட்டல்ல செஞ்ச எஞ்சின் 25 மணி நேரம் ஓடுனாலே பெருசு. ஹிட்லர் வாயே தொறக்கலன்னாலும் அது சீக்கிரம் வந்திருக்காது.

ஆனா உங்க கேள்விக்கு உள்ள ஒரு நிஜம் இருக்கு. நீங்க ஒரு ஜாப்புக்கு சக்குல பிடிச்சு செட்டிங் போட்டு டூல் எல்லாம் அரைச்சு வெச்சு, ரன்னிங்ல வந்த பிறகு ஆர்டர் கொடுத்தவன் வந்து நின்னு இந்த சைஸை மாத்து, அங்க ஒரு துளை போடுன்னா என்னாகும், அன்னிக்கு ஷிஃப்ட்டு போச்சு. ஜெர்மனில இது நாடு முழுக்க நடந்துச்சு. ஹீங்கல் 177னு பெரிய பாமர், அது மேல இருந்து சரிவா பாய்ஞ்சும் குண்டு போடணும்னு கேட்டாங்க, அவ்ளோ பெரிய விமானத்துக்கு அது நடக்கிற காரியமே இல்ல, அதுல ரெண்டு ரெண்டு எஞ்சினை ஜோடி போட்டு வெச்சிருந்தாங்க, அது தீப்பிடிச்சுக்கிட்டே இருந்துச்சு. யுத்தம் சீக்கிரம் முடிஞ்சுரும்னு நம்பி 1940 தொடக்கத்துல, உடனே கைக்கு வராத ஆராய்ச்சியை நிறுத்துன்னு ஜெர்மன் விமானப்படை தலைவர் கோரிங் உத்தரவு போட்டாரு, யுத்தம் நீண்டதும் திரும்ப ஆரம்பின்னாங்க. டாங்க்குல பாருங்க, டைகர் நல்ல டாங்க்குதான், மொத்தம் செஞ்சது 1,350 கிட்டதான். அது பத்தாதுன்னு மௌஸ்னு 188 டன்ல ஒண்ணு, ரெண்டே ரெண்டு மாதிரிதான் வந்துச்சு, எத்தனை பாலம் அதை தாங்கும் சொல்லுங்க. அதைவிட பெரிய கொடுமை ஸ்பேர். புது டாங்க்கு எத்தனை வந்துச்சுன்னுதான் மேல கணக்கு கேட்டாங்க, அதனால கியர் பாக்ஸும் எஞ்சினும் புது வண்டிக்கே போச்சு, ஃப்ரண்ட்ல நின்னு போன வண்டிக்கு சாமான் கிடைக்காம அங்கயே விட்டுட்டு வந்தாங்க.

1942 பிப்ரவரில ஜெர்மன் ஆயுத அமைச்சர் டோட் விமான விபத்துல செத்ததும் அந்த எடத்துக்கு ஷ்பேர் வந்தாரு, அவரு வந்து உற்பத்தி ஏறுனதை அதிசயம்னு சொல்வாங்க. அதுல நெறைய ஏற்பாடு அவரு வரதுக்கு முன்னாடியே போட்டது, ரெண்டாவது பல லட்சம் வெளிநாட்டு ஜனங்களை பிடிச்சுக்கிட்டு வந்து அடிமையா வேலை வாங்குனாங்க. வி-2 ராக்கெட் செஞ்ச டோரா சுரங்கத்துலயும் அந்த முகாம்லயும் சுமார் 20,000 பேர் செத்தாங்க, அந்த ராக்கெட் விழுந்து செத்தவங்களைவிட அதிகம். இதை உற்பத்தின்னு சொல்றதுக்கே வாய் கூசுது. 1944ல 40,000 விமானம் கிட்ட செஞ்சாங்க, அதே வருஷம் மே மாசத்துல இருந்து அமெரிக்கா பெட்ரோல் ஃபாக்டரிகளை அடிக்க ஆரம்பிச்சுது, புது விமானம் பறக்க பெட்ரோல் இல்லாம நின்னுச்சு.

கேள்வி: எங்க ஏரியால டயரு ஃபாக்டரி பக்கத்துலதான் வீடு. அமெரிக்கா கார் ஃபாக்டரில விமானம் செஞ்சாங்களாமே, கார் செய்யிறவனுக்கு விமானம் எப்படி வந்துச்சு? (திருவொத்தியூர் வாசகர்)

பதில்: வரல, முதல்ல வரவே இல்ல. 1940 மே 16ம் தேதி அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட் வருஷத்துக்கு 50,000 விமானம் செய்யிற அளவுக்கு நாடு வளரணும்னு பேசுனாரு, அதுக்கு முந்தின வருஷம் அங்க செஞ்ச ராணுவ விமானம் 2,000 சொச்சம். கேட்டவங்க நடக்காதுன்னாங்க. அவரு செஞ்ச நல்ல காரியம், ஜெனரல் மோட்டார்ஸ்ல தலைவரா இருந்த நுட்சனை கூப்பிட்டு பொறுப்பை கொடுத்தது. சின்ன வயசுல டென்மார்க்ல இருந்து பொழைக்க வந்து கடைநிலைல இருந்து மேல வந்த ஆளு, ஷாப் ஃப்ளோர் தெரிஞ்சவரு. 1942 பிப்ரவரில சொந்த உபயோகத்துக்கு கார் செய்யிறதையே நிறுத்திட்டாங்க. யோசிச்சு பாருங்க, கார்லயே ஓடுற நாட்டுல புது கார் கிடையாதுன்னு சொல்றது சின்ன விஷயமா?

ஃபோர்டு கம்பெனி வில்லோ ரன்ங்கிற எடத்துல பி-24 பாமர் செய்ய ஃபாக்டரி கட்டுனாங்க, ஆரம்பத்துல அவ்ளோ சிக்கல். கார்காரன் கெட்டியான இரும்பு டை (அச்சு) போட்டு ஒரே மாதிரி லட்சக்கணக்கா அடிப்பான், விமானப் படையோ யுத்தத்துல பாத்த அனுபவத்துக்கு ஏத்தாப்ல வாராவாரம் மாத்தம் கேக்கும், டையை ஒவ்வொரு தடவையும் மாத்த முடியுமா? கடைசில ஒரு வழி கண்டுபிடிச்சாங்க. இத்தனை விமானம் வரைக்கும் டிராயிங்ல கை வைக்கக்கூடாது, ஒரு பேட்ச் முடியட்டும், மாத்தம் எல்லாம் அடுத்த பேட்ச்ல, அவசரமான மாத்தம்னா விமானம் வெளிய வந்த பிறகு வேற ஷெட்டுல கொண்டு போய் செஞ்சுக்கோ. அவ்ளோதான், 1944ல அந்த ஒரு ஃபாக்டரில மணிக்கு ஒரு பாமர் வந்துச்சு. நாடு முழுக்க அந்த வருஷம் 96,000 விமானம். மேல சொன்ன வியாசர்பாடி அண்ணன் இதை ரெண்டு தடவை படிக்கணும்.

டயரு பத்தி. மலேயாவையும் அந்த சுத்துப்பக்க நாடுகளையும் ஜப்பான் பிடிச்சதும் அமெரிக்காவுக்கு வந்துக்கிட்டு இருந்த ரப்பர்ல பத்துல ஒம்போது பங்கு நின்னு போச்சு. நாடு முழுக்க பெட்ரோலுக்கு ரேஷன் போட்டாங்க, அதுக்கு முக்கிய காரணம் பெட்ரோல் பஞ்சம்னு பலபேர் நெனைக்கிறாங்க, வண்டி ஓட்டாம இருந்தாதான் டயர் தேயாதுன்னுதான் போட்டாங்க, வேகமும் மணிக்கு 56 கிலோமீட்டருக்கு மேல கூடாது. அதோட செயற்கை ரப்பர் ஃபாக்டரிகளை அரசாங்கமே காசு போட்டு கட்டுச்சு, ஏறக்குறைய ஒண்ணுமில்லாத எடத்துல இருந்து 1944ல வருஷத்துக்கு 7 லட்சம் டன்னைத் தாண்டுச்சு.

கேள்வி: ஜப்பான் இவ்ளோ கெட்டிக்காரங்களாச்சே, அவங்க ஏன் சறுக்குனாங்க? (காலேஜ் மாணவர், கொருக்குப்பேட்டை)

பதில்: தரைப்படையும் கடற்படையும் ஒண்ணோட ஒண்ணு பேசாது தம்பி. ரெண்டுக்கும் தனித்தனி விமானம், மெஷின்கன் குண்டு கூட ஒருத்தருது இன்னொருத்தருக்கு சேராது, கடற்படை மேல நம்பிக்கை இல்லாம தரைப்படை தனக்குன்னு சரக்கு நீர்மூழ்கி கட்டிக்கிச்சு! ரெண்டையும் உக்கார வெச்சு அதட்ட மேல ஆளு இல்ல, ஆயுத உற்பத்திக்குன்னு தனி அமைச்சகம் போட்டதே 1943 நவம்பர்ல. இன்னொண்ணு, நாகோயால மிட்சுபிஷி ஃபாக்டரில செஞ்ச ஜீரோ விமானத்தை பறக்க விடுற மைதானத்துக்கு சுமார் 48 கிலோமீட்டர் மாட்டு வண்டில இழுத்துக்கிட்டு போனாங்க, ஃபாக்டரி பக்கத்துல ஓடுபாதையும் கெடையாது, நல்ல ரோடும் கெடையாது. உலகத்துலயே நல்ல விமானத்துல ஒண்ணு அது.

கேள்வி: பிஓஎச், அதாவது ரயில் வண்டியை குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு தடவை கழட்டி ரிப்பேர் பாக்குற ஷாப்புல இருந்தேன். புதுசு செய்யிறவனுக்குதான் எப்பவும் பேரு, ரிப்பேர் பாக்குறவனை யாரும் சொல்றதில்ல. யுத்தத்துலயும் அப்படித்தானா? (பெரம்பூர் வாசகர்)

பதில்: உங்க ஆதங்கம் நியாயம், அதுக்கு சரியான பதிலும் இருக்கு. 1940 மே மாசம் பிரிட்டன்ல சர்ச்சில் பிரதமரா வந்ததும் விமான உற்பத்திக்குன்னு தனி அமைச்சகம் போட்டு பீவர்புரூக்னு பேப்பர் முதலாளி ஒருத்தரை உக்கார வெச்சாரு. அவரு அஞ்சு வகை விமானத்துக்குதான் முதல் உரிமைன்னு சொல்லி மத்ததை ஓரம் கட்டிட்டாரு, அதோட அடிபட்டு விழுந்த விமானத்தை எல்லாம் அள்ளிக்கிட்டு வந்து சிவிலியன் ஷாப்புகள்ல ரிப்பேர் பாக்குற வேலையை முடுக்கி விட்டாரு. அந்த வருஷம் ஜெர்மனியோட நடந்த வான் சண்டைல ஸ்குவாட்ரனுக்கு (விமானப்படை அணிக்கு) போன சண்டை விமானத்துல மூணுல ஒண்ணு இப்படி ரிப்பேர் ஆகி வந்தது. பிரிட்டன் பொழைச்சதுல மூணுல ஒரு பங்கு உங்க மாதிரி ஆளுங்களோடதுன்னு நான் தாராளமா சொல்லுவேன்.

கேள்வி: எல்லாரும் ஆம்பளைங்க பேரையே சொல்றீங்க. பொம்பளைங்க வேலை செய்யலியா? (தண்டையார்பேட்டை வாசகி)

பதில்: செஞ்சாங்கம்மா, அவங்க இல்லாம எதுவுமே நடந்திருக்காது. சோவியத் ஃபாக்டரில யுத்தத்தோட நடுவுல பாதிக்கு மேல பெண்கள்தான். பிரிட்டன் 1941 டிசம்பர்ல கல்யாணம் ஆகாத, 20 வயசுல இருந்து 30 வயசு வரைக்கும் இருக்கிற பெண்களை சட்டம் போட்டே யுத்த வேலைக்கு கூப்பிட்டுச்சு. வேலை ஒண்ணுதான் ஆனா கூலி ஒண்ணா இல்ல, ஆம்பளைங்களைவிட கம்மியாத்தான் கொடுத்தாங்க, யுத்தம் முடிஞ்சதும் வீட்டுக்கு போங்கன்னுட்டாங்க. அது எனக்கு இப்போ படிச்சாலும் கோவம் வருது.

கேள்வி: நம்ம நாட்டுல இப்படி முடிவு எதுவும் எடுத்தாங்களா? (புளியந்தோப்பு வாசகர்)

பதில்: ரொம்ப தூரம் போக வேணாம், புளியந்தோப்பு ஆளு நீங்க, பின்னி மில்லு காக்கித் துணி பட்டாளத்துக்கு போனது உங்க வீட்டு பெரியவங்களுக்கே தெரியும். திருவொத்தியூர்ல 1955ல புல்லட் ஃபாக்டரி வந்ததே ஆர்மி ஆர்டரை நம்பித்தான். ஆவடில டாங்க்கு செய்யணும்னு முடிவு எடுத்தது 1961 வாக்குல, அடுத்த வருஷமே சீனாவோட சண்டை வந்துருச்சு. முதல் விஜயந்தா டாங்க்கு வெளிய வந்தது 1965 கடைசில, அந்த செப்டம்பர்ல பாகிஸ்தானோட யுத்தமும் முடிஞ்சு போயிருந்துச்சு. 1971ல தான் அது களத்துல நின்னுச்சு. கையெழுத்து போட்டவரு யாரோ, பலன் வந்தப்போ நாற்காலில இருந்தவரு யாரோ, நேருவுக்கு அப்புறம் சாஸ்திரி, அப்புறம் இந்திரா காந்தின்னு மூணு பிரதமர் தாண்டிடுச்சு.

கேள்வி: யுத்தத்தப்போ அரிசியே கண்ணுல பாக்கலன்னு எங்க ஆயா சொல்லிக்கிட்டே இருக்கும். இங்க சண்டையே நடக்கலியே, அப்புறம் ஏன் அரிசி இல்ல? (காசிமேடு வாசகர்)

பதில்: உங்க ஆயா சொன்னது சத்தியம். பர்மா அரிசி நம்ம பக்கத்துக்கும் இலங்கைக்கும் வங்காளத்துக்கும் வந்துக்கிட்டு இருந்துச்சு, 1942 மார்ச்ல ரங்கூன் விழுந்ததும் அது நின்னுச்சு. அடுத்த மாசம் ஜப்பான்காரன் வந்துருவான்னு பயந்து மெட்ராஸ்ல இருந்து ஜனங்க கூட்டம் கூட்டமா ஊரை விட்டு போனாங்க.

நீங்க கடல் தொழில் பாக்குற ஊரு, அதனால வங்காளத்துல நடந்ததை உங்களுக்கு சொல்லியே ஆகணும். ஜப்பான்காரன் கைல கிடைக்கக்கூடாதுன்னு கடலோரத்துல 10 பேருக்கு மேல ஏறக்கூடிய படகை எல்லாம் அரசாங்கம் பிடுங்கிச்சு, பல்லாயிரம் படகு, உடைச்சாங்க, எரிச்சாங்க, முழுகடிச்சாங்க. மீன் பிடிக்கிறவன் கடலுக்கு போக முடியல, நெல்லு ஏத்திக்கிட்டு போற படகும் இல்ல. 1943 ஜனவரில சர்ச்சில் இந்துமாக்கடல்ல ஓடுன சரக்கு கப்பல்ல பாதிக்கு மேல அட்லாண்டிக் பக்கம் திருப்பி விட்டாரு. அந்த வருஷம் அமெரிக்கா லிபர்ட்டிங்கிற சரக்கு கப்பலை நூறு நூறா கட்டி தள்ளிக்கிட்டு இருக்கு (மொத்தம் 2,710 கட்டுனாங்க, ஒரு கப்பலை அஞ்சு நாளுக்குள்ளயே முடிச்சாங்க), இங்க பஞ்சத்துக்கு தானியம் ஏத்த கப்பல் இல்லன்னு லண்டன்ல பதில் வருது. வேவல் வைஸ்ராயா வந்து கெஞ்சி கேட்டும் கேட்டதுல கொஞ்சம்தான் கொடுத்தாங்க. சுமார் 30 லட்சம் பேர் செத்தாங்க.

எந்த கப்பல் எந்த கடல்ல ஓடணும்ங்கிறதும் தொழில் முடிவுதான். பீவர்புரூக்கை உக்கார வெச்சு நாட்டை காப்பாத்துன அதே ஆளு போட்ட கையெழுத்துதான் இதுவும், இதை ரெண்டையும் பிரிச்சு வெச்சு என்னால எழுத முடியாது.

உங்க ஆயா இப்போ இருக்காங்கன்னா ஒரு உதவி பண்ணுங்க. ரேஷன்ல எத்தனை படி கொடுத்தாங்க, அரிசிக்கு பதிலா என்ன தின்னாங்க, கட்டுமரம் அப்போ கடலுக்கு போச்சா, வீட்ல எத்தனை பேர் ஊரை விட்டு போனாங்கன்னு கேட்டு அவங்க சொல்றபடியே எழுதியோ வாய்ஸ் மெசேஜாவோ அனுப்புங்க, அடுத்த இதழ்ல இந்த பக்கம் முழுசும் அவங்களுக்குத்தான்.